ஜிடிபி ஸ்கிரிப்ட் பழைய பைத்தானிலும் ஓட வேண்டுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நிரல்களில் பிழை தேட உதவும் ஜிடிபி டீபக்கருக்காகப் பைத்தானில் எழுதிய நீட்டிப்பு ஸ்கிரிப்ட் ஒன்று உங்களிடம் இருக்கிறது. புதுக் கமாண்டுகளைச் சேர்க்கும், லிங்க்டு லிஸ்ட், ஹேஷ் டேபிள் போன்றவற்றைக் கண்ணால் படிக்கிற மாதிரி அச்சிட்டுக் காட்டும். உங்கள் கணினியில் பிரமாதமாக ஓடுகிறது. அதையே ஒரு பழைய சர்வரில் கோர் டம்ப் (நிரல் விழுந்த நேரத்து மெமரியைச் சேமித்த கோப்பு) பார்க்க எடுத்துப் போனால், லோடு ஆகும்போதே விழுகிறது. அந்த நேரத்தில் வழக்கமாக எழும் கேள்விகளும் பதில்களும் கீழே இருக்கின்றன. நிரல் பெயர்களையும் தமிழ் எழுத்திலேயே தந்திருக்கிறேன். தட்டும்போது வழக்கமான ஆங்கில எழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.

ஒரே ஸ்கிரிப்ட் ஒரு மெஷினில் ஓடுகிறது, இன்னொன்றில் சிண்டாக்ஸ் எரர் தருகிறது. ஏன்?

உங்கள் ஸ்கிரிப்ட்டை ஓட்ட ஜிடிபி, டெர்மினலில் இருக்கும் பைத்தானைக் கூப்பிடுவதில்லை. பைத்தான் இன்டர்ப்ரெட்டர் ஒரு லைப்ரரியாக ஜிடிபிக்குள்ளேயே இருக்கிறது. அந்த ஜிடிபியை பில்ட் செய்தவர்கள் அன்றைக்கு எந்தப் பைத்தானோடு இணைத்தார்களோ, அதுதான் உங்களுக்கு வாய்க்கும்.

பைத்தானில் நீட்டிப்பு எழுதும் வசதி 2009-இல் வெளியான ஜிடிபி 7.0-இல் வந்தது. பைத்தான் 3-க்கு ஆதரவு கிடைத்தது 2013-இல், 7.6 வெளியானபோது. பைத்தான் 2-உடன் பில்ட் செய்ய முடிந்த கடைசி வரிசை 12. அடுத்து 2023-இல் வந்த 13-இல் அதைத் தூக்கிவிட்டார்கள். ஆக, இடையில் ஏறக்குறைய பத்து வருடங்கள் இரண்டு பைத்தானும் புழக்கத்தில் இருந்திருக்கின்றன. ஒரே ஜிடிபி வெளியீட்டை ஒரு லினக்ஸ் விநியோகம் 2.7-உடனும் இன்னொன்று 3.6-உடனும் கட்டித் தந்திருக்கலாம். அதனால் ஜிடிபியின் பதிப்பு எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு உள்ளே எந்தப் பைத்தான் என்று ஊகிக்காதீர்கள்.

சரி, உள்ளே எந்தப் பைத்தான் என்று எப்படிப் பார்ப்பது?

ஜிடிபியைத் திறந்து, பைத்தான் என்ற கமாண்டைத் தட்டி, அதே வரியில் சிஸ் மாட்யூலை இம்போர்ட் செய்து, செமிகோலன் போட்டு, சிஸ்.வெர்ஷனை அடைப்புக்குறிக்குள் வைத்து பிரிண்ட் செய்யுங்கள். ஒரே ஒரு மதிப்பு என்பதால் அடைப்புக்குறி போட்டால் 2-இலும் 3-இலும் வேலை செய்யும். இந்த ஜிடிபியில் பைத்தான் ஸ்கிரிப்டிங்கே இல்லை என்று பதில் வந்தால், அந்த பில்டில் பைத்தான் சேர்க்கப்படவில்லை. ஸ்கிரிப்ட்டை என்ன திருத்தினாலும் பயன் இருக்காது.

யாராவது ‘ஸ்கிரிப்ட் ஓடவில்லை’ என்று உங்களிடம் வந்தால் முதலில் இந்த ஒரு வரியின் வெளியீட்டைக் கேளுங்கள். டெர்மினலில் தட்டிய பைத்தான் பதிப்பை அனுப்பினால் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

சர்வரில் புதிய பைத்தான் 3 நிறுவிவிட்டால் போதாதா? விர்ச்சுவல் என்விரான்மென்ட்?

போதாது. இரண்டுமே ஜிடிபிக்குள் இருக்கும் லைப்ரரியை மாற்றாது.

எவ்வளவு பழைய பைத்தான் வரைக்கும் இறங்க வேண்டும்?

உங்கள் ஸ்கிரிப்ட்டைப் பயன்படுத்துகிறவர்கள் எந்த மெஷினில் இருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. நிறுவன சர்வர்களில் அடிக்கடி தட்டுப்படும் ரெட் ஹேட் வரிசையையே எடுத்துக்கொள்வோம். ஐந்தாம் பதிப்பில் பைத்தான் 2.4, ஆறில் 2.6, ஏழில் 2.7, எட்டில் 3.6. ஏழாம் பதிப்பின் வழிவந்த சென்ட்ஓஎஸ் 7-க்கான ஆதரவு 2024 ஜூன் 30-உடன் முடிந்தது. ஆதரவு முடிந்துவிட்டது என்பதற்காக மெஷின்களை யாரும் அணைத்துவிடுவதில்லை என்பது தெரிந்த விஷயம்தானே.

என் கணக்கில், இன்றைக்கு ஒரு பொதுவான ஸ்கிரிப்ட் 2.7-ஐயும் 3.6-ஐயும் தாங்கினால் போதும். அந்த இரண்டிலும் ஓடினால் இடையில் உள்ளவற்றில் பெரும்பாலும் ஓடிவிடும். 2.6 தேவை என்று கேட்கும் ஆள் நிஜமாகவே இருந்தால் மட்டும் அங்கே இறங்குங்கள். செலவு அதிகம் இல்லை, ஆனால் எரிச்சல் அதிகம்: எண் போடாத வெற்று நெளிவு அடைப்புக்குறியோடு ஃபார்மட் வேலை செய்யாது, டிக்ஷனரி காம்ப்ரிஹென்ஷன் இல்லை, செட் லிட்டரல் இல்லை, ஆர்க்பார்ஸ் மாட்யூல் இல்லை. 2.4-இல் வித் கூற்று இல்லை, ஒரு வரி இஃப்-எல்ஸ் கூட இல்லை. அதை விட்டுவிடுங்கள்.

பதிப்பைப் பார்த்து இஃப் போட்டுப் பிரித்துத்தான் எழுதியிருக்கிறேன். ஆனாலும் சிண்டாக்ஸ் எரர் வருகிறதே?

இந்தக் குழப்பம் ஒன்றைத் தெளிவாக்கிக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. பைத்தான் ஒரு கோப்பை ஓட்டத் தொடங்குவதற்கு முன்னால், கோப்பு முழுவதையும் படித்து பைட்கோடாக மாற்றுகிறது. அந்தக் கட்டத்திலேயே புரியாத எழுத்துமுறை எங்காவது இருந்தால், முதல் வரிகூட ஓடாது. 200-ஆவது வரியில் ஒரு எஃப்-ஸ்ட்ரிங் (ஸ்ட்ரிங்குக்குள்ளேயே மாறியை எழுதும் புதிய முறை) இருக்கிறது, அது இஃப்-க்குள் பத்திரமாக இருக்கிறது, அந்த இஃப் பக்கம் கட்டுப்பாடு போகவே போகாது என்றெல்லாம் வாதாடிப் பிரயோஜனம் இல்லை. ‘உங்கள் பைத்தான் பழசு’ என்று மரியாதையாகச் சொல்லும் வரியை நீங்கள் மேலே எழுதி வைத்திருந்தாலும் அது அச்சாகாது.

ஆகவே வித்தியாசங்களை இரண்டு வகையாகப் பிரித்துக்கொள்ளுங்கள். எழுத்துமுறை சார்ந்தவை ஒரு வகை. இவை கோப்பு முழுவதையும் சாகடிக்கும், இஃப் போட்டுத் தப்பிக்க முடியாது. பெயர்கள், ஃபங்ஷன்கள், மாட்யூல்கள் சார்ந்தவை இன்னொரு வகை; இவை அந்த வரி ஓடும்போதுதான் விழும், இஃப் அல்லது ட்ரை போட்டுச் சமாளிக்கலாம்.

முதல் வகைக்கு இரண்டு வழி உண்டு. ஒன்று, எல்லாப் பதிப்பும் ஏற்கும் பழைய எழுத்துமுறையிலேயே முழுக்க எழுதிவிடுவது. இன்னொன்று, சிறிய ஏற்றுக் கோப்பு ஒன்றைப் பழைய முறையில் எழுதி, அது சிஸ்.வெர்ஷன்_இன்ஃபோவைப் பார்த்து, புதிய கோப்பையோ பழைய கோப்பையோ இம்போர்ட் செய்வது. இரண்டாவது வழி பார்க்கச் சுத்தமாக இருக்கும். ஆனால் இரண்டு கோப்புகளையும் பராமரிக்க வேண்டும், சில மாதங்களில் பழையது கவனிப்பாரற்றுப் போகும். ஆயிரம் வரிக்குள் இருக்கும் ஸ்கிரிப்ட் என்றால் முதல் வழியே மேல்.

ஏற்றுக் கோப்பு வைத்தால் இன்னும் இரண்டு சங்கதிகள். சோர்ஸ் கமாண்டால் ஏற்றும்போது ஸ்கிரிப்ட் இருக்கும் டைரக்டரி சிஸ்.பாத்தில் தானாகச் சேராது. நீங்கள்தான் சேர்க்க வேண்டும். அப்புறம், ஏற்கெனவே இம்போர்ட் ஆன மாட்யூல் மறுபடி சோர்ஸ் செய்தால் புதுப்பிக்கப்படாது. திருத்திவிட்டு, மாற்றம் எதுவும் தெரியவில்லையே என்று மண்டையைப் பிய்த்துக்கொள்வது இதனால்தான். ஜிடிபியை மூடித் திறப்பதே எளிய வழி.

எந்தெந்த எழுத்துமுறைகள் முதலில் உதைக்கும்?

முதலிடம் எஃப்-ஸ்ட்ரிங்குக்கு. 3.6-இல்தான் வந்தது, எல்லாருடைய கையிலும் இப்போது அதுதான் வருகிறது. ஃபார்மட் முறைக்கு மாற்றுங்கள், நெளிவு அடைப்புக்குறிக்குள் எண்ணைப் போட்டு எழுதிவிட்டால் 2.6 வரை பிரச்சினை இல்லை. எஃப்-ஸ்ட்ரிங்கில் மாறிக்குப் பின் சமக்குறி போடும் வசதி 3.8-இல் வந்தது. ஆகவே 3.6 மெஷினில் ‘எஃப்-ஸ்ட்ரிங் இங்கே இருக்கிறதே, ஏன் விழுகிறது’ என்று குழம்பினால் அந்தச் சமக்குறியைத் தேடுங்கள்.

அடுத்தது டைப் குறிப்புகள். ஃபங்ஷன் தலைப்பில் போடுவது பைத்தான் 3-இல் ஆரம்பம் முதல் உண்டு, 2-இல் கிடையாது. மாறிகளுக்குப் போடுவது 3.6 முதல். ஃப்யூச்சர் மாட்யூலில் இருந்து அனொட்டேஷன்ஸ் இம்போர்ட் செய்வது 3.7 முதல்தான், 3.6-இல் அந்த வரியே சிண்டாக்ஸ் எரர். டீபக்கர் ஸ்கிரிப்ட்டில் டைப் குறிப்பு அவசியமா என்று ஒருமுறை யோசித்துவிட்டு, வேண்டும் என்றால் கமென்ட்டாக எழுதிவிடுங்கள்.

வால்ரஸ் குறி (முக்காற்புள்ளியும் சமக்குறியும் சேர்ந்தது) 3.8. மேட்ச் கூற்று 3.10. யீல்டு ஃப்ரம் 3.3, அதற்குப் பதில் சாதாரண ஃபார் லூப் போட்டு ஒவ்வொன்றாக யீல்டு செய்யலாம். நான்லோக்கல் 2-இல் இல்லை. ஒரு உறுப்பு கொண்ட லிஸ்டில் மதிப்பை வைத்துக்கொள்வது பழைய தந்திரம். எண்களுக்கு நடுவே அண்டர்ஸ்கோர் போடுவது 3.6. ஹெக்ஸ் முகவரிகளைப் பிரித்து எழுத அழகாக இருக்கும், பழைய மெஷினில் உதைக்கும்.

சூப்பரை வெறும் அடைப்புக்குறியோடு கூப்பிடுவது தனியாகச் சொல்ல வேண்டியது. ஜிடிபி ஸ்கிரிப்ட் எதைத் திறந்தாலும் கமாண்ட் கிளாஸின் தொடக்க ஃபங்ஷனில் இது இருக்கும். எழுத்துமுறையில் தவறில்லை என்பதால் கோப்பு ஏறும். கமாண்டைப் பதிவு செய்யும் இடத்தில் 2.7 டைப் எரர் தரும். உள்ளே கிளாஸ் பெயரையும் செல்ஃபையும் கொடுத்துவிடுங்கள், எல்லாவற்றிலும் ஓடும்.

எதிர்த் திசையிலும் உண்டு. 2.4-க்காக எழுதிய ஸ்கிரிப்ட்டில் எக்செப்ட் வரியில் காற்புள்ளி இருக்கும், 2.6 முதல் அங்கே ஆஸ் போடலாம், 3-இல் அதை மட்டும்தான் போட முடியும். டேபும் ஸ்பேஸும் கலந்த உள்தள்ளலை 2 பொறுத்துக்கொள்ளும், 3 பொறுக்காது.

பிரிண்டை என்ன செய்வது?

கோப்பின் தொடக்கத்தில் ஃப்யூச்சர் மாட்யூலில் இருந்து பிரிண்ட்_ஃபங்ஷனை இம்போர்ட் செய்துவிட்டு, எல்லா இடத்திலும் அடைப்புக்குறியோடு எழுதுங்கள். 2.6 முதல் வேலை செய்யும். அந்த இம்போர்ட்டுக்கு முன்னால் கமென்ட்டும் கோப்பின் டாக்ஸ்ட்ரிங்கும் மட்டுமே இருக்கலாம். அந்தக் கோப்புக்கு மட்டுமே செல்லும் என்பதால், நான்கு கோப்பு இருந்தால் நான்கிலும் போட வேண்டும்.

ஃப்யூச்சரை மறந்து இரண்டு மதிப்புகளை அடைப்புக்குறிக்குள் பிரிண்ட் செய்தால் 2.7-இல் எரர் வராது. ஒரு டியூப்பிள் அச்சாகும். வெளியீட்டில் எதிர்பாராத அடைப்புக்குறியும் மேற்கோள்குறியும் தெரிந்தால் காரணம் இதுதான்.

கமென்ட்டில் தமிழில் எழுதியிருக்கிறேன். அதற்கும் எரர் வருமா?

2-இல் வரும். ஆஸ்கிக்கு வெளியே ஒரே ஒரு எழுத்து, கமென்ட்டில் இருந்தாலும், கோப்பு ஏறாது. முதல் அல்லது இரண்டாம் வரியில் யூடிஎஃப்-8 என்று என்கோடிங் அறிவிப்பு போட்டுவிடுங்கள். எங்கிருந்தோ நகலெடுத்து ஒட்டிய வளைந்த மேற்கோள்குறி ஒன்று இருந்தாலும் இதே கதைதான்.

ப்ரெட்டி பிரிண்டர் (டேட்டாவைப் படிக்கிற வடிவில் காட்டும் கிளாஸ்) தலைப்பை மட்டும் காட்டுகிறது, உறுப்புகளைக் காட்டவில்லை. 2.7-இல் மட்டும்தான் இப்படி.

சில்ட்ரன் ஃபங்ஷன் திருப்பித் தரும் இட்டரேட்டரைப் பாருங்கள். அடுத்த உறுப்பைக் கேட்க பைத்தான் 3 கூப்பிடும் பெயர், இரு பக்கமும் இரட்டை அண்டர்ஸ்கோர் போட்ட நெக்ஸ்ட். பைத்தான் 2 கூப்பிடுவது அண்டர்ஸ்கோர் இல்லாத வெறும் நெக்ஸ்ட். நீங்கள் முதலாவதை மட்டும் எழுதியிருந்தால், 2-ஐப் பொறுத்தவரை அது இட்டரேட்டரே இல்லை.

ஜிசிசி கம்பைலரோடு வரும் சி++ நூலகத்தின் ப்ரெட்டி பிரிண்டர்கள் இதை அழகாகச் சமாளிக்கின்றன. பதிப்பு 3 என்றால் இட்டரேட்டர் என்ற பெயரை வெறும் ஆப்ஜெக்ட் என்று வைத்துக்கொள்கிறார்கள். 2 என்றால் அதே பெயரில் ஒரு குட்டி கிளாஸ், அதில் ஒரே ஒரு ஃபங்ஷன்: வெறும் நெக்ஸ்டைக் கூப்பிட்டால் அண்டர்ஸ்கோர் போட்ட நெக்ஸ்டைக் கூப்பிட்டுத் தரும். மற்ற எல்லா இட்டரேட்டர்களும் அந்தக் கிளாஸில் இருந்து பிறக்கின்றன. வித்தியாசம் ஓர் இடத்தில் அடங்கிவிட்டது, மீதிக் கோப்பு எந்தப் பதிப்பு என்று கவலைப்படவே தேவையில்லை. அதே இடத்தில் லாங் என்பதை இன்ட் என்றும், ஐமேப், ஐசிப் இரண்டையும் மேப், சிப் என்றும் பெயர் மாற்றி வைத்திருக்கிறார்கள். உங்கள் ஸ்கிரிப்ட்டிலும் இப்படி மேலே பத்துப் பதினைந்து வரியில் ஒரு பகுதி வைத்து, பதிப்புச் சோதனை எல்லாவற்றையும் அங்கேயே முடித்துவிடுங்கள். உள்ளே ஆங்காங்கே இஃப் தூவிய ஸ்கிரிப்ட்டைத் திருத்துவது நரகம்.

இன்னொரு சுலபமான வழியும் உண்டு: கிளாஸே எழுதாமல் சில்ட்ரனை யீல்டு போட்ட ஜெனரேட்டராக எழுதிவிட்டால் நெக்ஸ்ட் பிரச்சினையே எழாது. புதிதாக எழுதுகிறவர்கள் இதையே செய்யுங்கள்.

பாயின்டர்களை எண்ணாக மாற்றும் இடத்தில் லாங் என்று இருக்கிறது. பைத்தான் 3 அப்படி ஒன்று இல்லை என்கிறது.

3-இல் லாங் கிடையாது, இன்டே எவ்வளவு பெரிய எண்ணையும் தாங்கும். மேலே சொன்ன பகுதியில் பதிப்பு 3 என்றால் லாங் என்பதும் இன்ட்தான் என்று ஒரு வரி எழுதிவிட்டால் முடிந்தது. எக்ஸ்ரேஞ்சுக்கும் யூனிசிஹெச்ஆருக்கும் இதே வைத்தியம்.

வகுத்தல்தான் கொஞ்சம் விவகாரமானது. இரண்டு முழு எண்களை ஒற்றைச் சாய்கோட்டால் வகுத்தால் 2 முழு எண் தரும், 3 தசம எண் தரும். ஆனால் ஜிடிபி வேல்யூ ஆப்ஜெக்டுகளை வகுத்தால், டீபக் செய்யப்படும் நிரலின் மொழி விதிதான் செல்லும். சி நிரல் என்றால் முழு எண். ஒரே சாய்கோடு, ஒரு பக்கம் இருப்பது பைத்தான் எண்ணா ஜிடிபி வேல்யூவா என்பதைப் பொறுத்து வேறு வேறு விடை. வரிசையின் நீளத்தைக் கணக்கிடும் இடங்களில் இது அமைதியாகத் தப்பு செய்யும். கணக்குக்குள் போகும் முன் எல்லாவற்றையும் இன்ட் ஆக்கிவிட்டு, அப்புறம் இரட்டைச் சாய்கோட்டால் வகுங்கள்.

மெமரியைப் படித்து பைட் பைட்டாகப் பார்க்கும் பகுதி ஒரு மெஷினில் எண் தருகிறது, இன்னொன்றில் எழுத்து தருகிறதே?

ஆராயப்படும் பிராசஸைக் குறிக்கும் இன்ஃபீரியர் ஆப்ஜெக்டின் ரீட்_மெமரி, பைத்தான் 2-இல் பஃபர் ஆப்ஜெக்டையும் 3-இல் மெமரிவியூவையும் தருகிறது. ஓர் உறுப்பைத் தனியே எடுத்தால் கிடைப்பது ஒரு எழுத்து கொண்ட ஸ்ட்ரிங்காக இருக்கலாம், ஒரு பைட்டாக இருக்கலாம். அதை ஆர்டு ஃபங்ஷனுக்குள் போட்டவர்கள் ஒரு மெஷினிலும், போடாதவர்கள் இன்னொன்றிலும் விழுவார்கள்.

படித்த கையோடு முதலில் பைட்ஸ் ஆக்கி, அதை பைட்அரே ஆக்கிவிடுங்கள். பைட்அரேயில் எந்த உறுப்பை எடுத்தாலும் 2.6 முதல் இன்றுவரை 0 முதல் 255 வரையிலான எண்தான். ஆர்டு எல்லாவற்றையும் நீக்கிவிடலாம். நான்கு பைட், எட்டு பைட் மதிப்புகளுக்கு ஸ்ட்ரக்ட் மாட்யூலின் அன்பேக்கைப் பயன்படுத்துங்கள். இன்டின் ஃப்ரம்_பைட்ஸ் வசதி 3.2-இல்தான் வந்தது.

ஸ்ட்ரிங் விஷயமும் இதன் பக்கத்து வீடுதான். ஜிடிபி வேல்யூவின் ஸ்ட்ரிங் மெதட் 2-இல் யூனிகோட் ஆப்ஜெக்டைத் தரும். அதில் ஆஸ்கி அல்லாத எழுத்து இருந்து, நீங்கள் அதை எஸ்டிஆர்-க்குள் போட்டால், ஆஸ்கியாக மாற்ற முடியவில்லை என்ற புகழ்பெற்ற எரர் வரும். ப்ரெட்டி பிரிண்டருக்குள் என்றால் மாற்றாமல் அப்படியே திருப்பித் தந்துவிடுங்கள், மீதியை ஜிடிபி பார்த்துக்கொள்ளும்.

பைத்தான் பதிப்பு ஒன்றுதான், ஆனாலும் ஜிடிபி மாட்யூலில் அந்த ஃபங்ஷன் இல்லை என்கிறது.

அது பைத்தானின் வயது இல்லை, ஜிடிபியின் வயது. இதற்குப் பதிப்பு எண்ணைப் பார்க்காமல் ஹேஸ்அட்டர் போட்டு, அந்தப் பெயர் இருக்கிறதா என்று நேரடியாகக் கேளுங்கள். ஜிடிபியின் பதிப்பு எண் ஸ்ட்ரிங்காகவே கிடைக்கிறது, விநியோகங்கள் அதன் பின்னால் தங்கள் எண்களை ஒட்டுகின்றன. விநியோகக்காரர்கள் புதிய வசதியைப் பழைய பதிப்புக்குள் கொண்டுவந்து சேர்ப்பதும் உண்டு. எண் பொய் சொல்லலாம்.

பைத்தான் பதிப்பைப் பார்க்கும்போதும் ஸ்ட்ரிங்காக ஒப்பிடாதீர்கள். ஸ்ட்ரிங் ஒப்பீட்டில் 3.10 என்பது 3.6-ஐ விடச் சிறியது. சிஸ்.வெர்ஷன்_இன்ஃபோவை டியூப்பிளோடு ஒப்பிடுங்கள். இந்த வேலைக்கு டிஸ்டியூட்டில்ஸ் மாட்யூலை நம்பியிருந்த ஸ்கிரிப்ட்டுகள் 3.12-இல் விழுந்தன, அதில் அந்த மாட்யூலே நீக்கப்பட்டுவிட்டது. ஐஎம்பி மாட்யூலுக்கும் அதே 3.12-இல் அதே கதி.

எக்செப்ஷனுக்கு ஒரு சிறு சலுகை உண்டு. மிகப் பழைய ஜிடிபியில் ஜிடிபி.எரர் என்ற தனி வகை இல்லை, ரன்டைம்எரர்தான் வந்தது. பிறகு ஜிடிபி.எரரைக் கொண்டுவந்தபோது, பழைய ஸ்கிரிப்ட்டுகள் உடையக் கூடாது என்பதற்காகவே அதை ரன்டைம்எரரின் பிள்ளையாக வைத்தார்கள். ஆகவே ரன்டைம்எரரைப் பிடித்தால் எல்லாவற்றிலும் செல்லும். எக்செப்ட் என்று வெறுமனே எழுதி எல்லாவற்றையும் விழுங்கிவிடாதீர்கள். கன்ட்ரோல்-சி அழுத்தினாலும் நிற்காத கமாண்ட் அப்படித்தான் உருவாகிறது, பதிப்புப் பிழைகளும் அதற்குள் மறைந்துபோகும்.

எரர் ஒரே வரியில் வருகிறது, எந்த இடம் என்று தெரியவில்லை.

செட் பைத்தான் பிரிண்ட்-ஸ்டாக் ஃபுல் என்று ஜிடிபியில் தட்டிவிட்டு மறுபடி ஓட்டுங்கள். முழு ட்ரேஸ்பேக் வரும். திருத்தும் காலம் முழுக்க இதை, ஜிடிபி தொடங்கும்போது படிக்கும் ஜிடிபிஇனிட் கோப்பிலேயே வைத்திருக்கலாம்.

எரரே இல்லை, ஸ்கிரிப்ட்டும் ஏறவில்லை.

பதிப்புப் பிரச்சினையாக இல்லாமலும் இருக்கலாம். ஆட்டோ-லோடு சேஃப்-பாத்துக்கு (நம்பலாம் என்று குறித்த டைரக்டரிகளின் பட்டியல்) வெளியே இருக்கும் ஸ்கிரிப்ட்டை ஜிடிபி தானாக ஏற்றாது. தொடக்கத்தில் ஒரு எச்சரிக்கை காட்டியிருக்கும், வேகமாக ஓடும் வரிகளில் அது கண்ணில் படாமல் போகும். கையால் சோர்ஸ் செய்து பாருங்கள். ஏறினால் பாதையைத்தான் சரிசெய்ய வேண்டும்.

பைத்தான் நிரலையே ஜிடிபியில் டீபக் செய்கிறேன். அதற்கான ஸ்கிரிப்ட்டில் எந்தப் பதிப்பைக் கணக்கில் கொள்வது?

இரண்டையும். சிபைத்தான் (சி-யில் எழுதிய, வழக்கமான பைத்தான்) மூலநிரலில் டூல்ஸ் டைரக்டரிக்குள் ஜிடிபி என்ற பிரிவில் லிப்பைத்தான் என்று ஒரு ஸ்கிரிப்ட் இருக்கிறது. பிஒய்-பிடி, பிஒய்-லிஸ்ட், பிஒய்-லோக்கல்ஸ் போன்ற கமாண்டுகளைத் தருவது அதுதான். சி ஸ்டாக்குக்குள் புதைந்திருக்கும் பைத்தான் ஃப்ரேம்களை வெளியே எடுத்துக் காட்டும். இதை ஓட்டும்போது இரண்டு பைத்தான்கள் மேடையில் இருக்கின்றன: ஸ்கிரிப்ட்டை ஓட்டும், ஜிடிபிக்குள் இருக்கும் பைத்தான் ஒன்று, நீங்கள் ஆராயும் பிராசஸில் இருக்கும் பைத்தான் இன்னொன்று. இரண்டும் ஒரே பதிப்பாக இருக்க வேண்டும் என்ற கட்டாயமே இல்லை.

ஸ்கிரிப்ட்டின் எழுத்துமுறை முதல் பைத்தானுக்குப் பொருந்த வேண்டும். அது தேடும் ஸ்ட்ரக்ட் பெயர்களும் ஃபீல்டுகளும் இரண்டாவதற்குப் பொருந்த வேண்டும். சிபைத்தானின் உள்கட்டமைப்போ அடிக்கடி மாறுவது. ஸ்ட்ரிங்கின் உள்வடிவம் 3.3-இல் மாறியது. பைட்கோடை ஓட்டும் சி ஃபங்ஷனின் பெயர் 3.6-இல் மாறியது, அதற்கு முன் ஈவல்ஃப்ரேம்-ஈஎக்ஸ், பிறகு ஈவல்ஃப்ரேம்-டிஃபால்ட். அதே 3.6-இல் டிக்ஷனரியின் அமைப்பும் மாறியது. 3.11-இல் ஃப்ரேம் அமைப்பே தலைகீழாக மாறியது. 3.12-இல் முழு எண்ணின் உள்ளே அடையாளத்தையும் நீளத்தையும் வைக்கும் இடம் மாறியது. ஆகவே ஆராயப்படும் பைத்தானின் மூலநிரலோடு வந்த ஸ்கிரிப்ட்டையே எடுப்பதுதான் வழக்கம். பிறகு அதை ஜிடிபிக்குள் இருக்கும் பைத்தான் ஏற்கும்படி திருத்துகிறோம்.

அந்த ஸ்கிரிப்ட்டில் பார்த்துப் பழக வேண்டிய ஒரு பழக்கம் உண்டு. ஸ்ட்ரிங் புதிய வடிவமா என்று தெரிந்துகொள்ள அது பதிப்பைக் கேட்பதில்லை. யூனிகோட் ஆப்ஜெக்டின் டைப்பை ஜிடிபியிடம் வாங்கி, அதன் ஃபீல்டுகளில் டேட்டா என்ற பெயர் இருக்கிறதா என்று பார்க்கிறது. இருந்தால் 3.3-க்குப் பிந்தைய வடிவம். பெரிய எண்களின் ஒவ்வொரு இலக்கமும் 15 பிட்டா 30 பிட்டா என்பதையும் இப்படித்தான், டிஜிட் டைப்பின் அளவைப் பார்த்து முடிவு செய்கிறது. ஆராயப்படும் பக்கத்தைப் பற்றிய எந்தச் சந்தேகத்தையும் டீபக் தகவலிடமே கேட்டுக்கொள்ளலாம். டீபக் சிம்பல்கள் நிறுவப்படவில்லை என்றால் கேட்க ஆளில்லை. அப்போது இந்த ஸ்கிரிப்ட்டால் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது.

சிக்ஸ் லைப்ரரி போட்டுக்கொள்ளலாமா? 2டு3?

2, 3 இரண்டிலும் ஓடும் நிரல் எழுத உதவும் சிக்ஸ் நல்ல லைப்ரரிதான், ஆனால் ஜிடிபிக்குள் இருக்கும் பைத்தானுக்கு அது நிறுவப்பட்டிருக்குமா என்பதே கேள்வி. பிப் போட்டு நிறுவினால் பெரும்பாலும் வேறொரு பைத்தானுக்குப் போய்ச் சேரும். இணையமே இல்லாத சர்வரில் கோர் டம்ப் பார்க்கும் ஆளிடம் ‘முதலில் இதை நிறுவுங்கள்’ என்று சொல்ல முடியாது. டீபக்கர் ஸ்கிரிப்ட் ஒரே கோப்பாக, பைத்தானோடு வருவதை மட்டும் நம்பி இருப்பது நல்லது.

2டு3 என்ற மாற்றுக் கருவி ஒருவழிப் பாதை, 3-க்கு மட்டும் மாற்றித் தரும். இரண்டிலும் ஓடும் நிரல் கிடைக்காது. 3.13-இல் அதையும் எடுத்துவிட்டார்கள்.

திருத்தியதை எப்படிச் சோதிப்பது?

முதலில் வெர்மின் என்ற கருவியை ஓட்டுங்கள். கோப்பைப் படித்து, இது ஓடக் குறைந்தபட்சம் எந்தப் பைத்தான் வேண்டும் என்று சொல்லும், எந்த வரியால் என்றும் காட்டச் சொல்லலாம். அடுத்து, பழைய பைத்தான் கையில் இருந்தால் பிஒய்_கம்பைல் மாட்யூல் மூலம் கோப்பை கம்பைல் மட்டும் செய்து பாருங்கள். ஜிடிபி மாட்யூல் இல்லாமலேயே சிண்டாக்ஸ் எரர்கள் அத்தனையும் வெளியே வந்துவிடும்.

ஆனால் இந்த இரண்டையும் தாண்டியவை ஓடும்போதுதான் தெரியும். உதாரணமாக, சி++ பெயர்களைப் பிரித்துக் காட்ட வெளி நிரல் ஒன்றை சப்பிராசஸ் வழியாகக் கூப்பிடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ரன் ஃபங்ஷன் 3.5-இல் வந்தது, அதில் கேப்சர்_அவுட்புட் என்ற வசதி 3.7-இல் வந்தது. 3.6 உள்ள மெஷினில் ஸ்கிரிப்ட் சமர்த்தாக ஏறும், மற்ற கமாண்டுகள் எல்லாம் ஓடும், அந்த ஒரு கமாண்டைத் தட்டும்போது மட்டும் டைப் எரர் வரும். பாப்பனும் கம்யூனிகேட்டும் எல்லாப் பதிப்பிலும் உண்டு, இந்த வேலைக்கு அவை தாராளமாகப் போதும்.

எனவே ஒவ்வொரு கமாண்டையும் ஒருமுறையாவது நிஜ ஜிடிபிக்குள் ஓட்ட வேண்டும். உங்கள் டேட்டா ஸ்ட்ரக்சர்கள் எல்லாம் நிரம்பிய ஒரு சின்ன சி நிரல் எழுதிக்கொள்ளுங்கள். பழைய விநியோகத்தின் கன்டெய்னருக்குள் ஜிடிபியை பேட்ச் முறையில், இனிட் கோப்புகளைப் படிக்காத என்எக்ஸ் ஆப்ஷனோடு ஓட்டி, ஸ்கிரிப்ட்டை சோர்ஸ் செய்து, பிரேக்பாயின்ட்டில் நிறுத்தி, கமாண்டுகளை வரிசையாகக் கூப்பிடுங்கள். வெளியீட்டைக் கோப்பாக வைத்து, புதிய மெஷினின் வெளியீட்டோடு ஒப்பிடுங்கள். முகவரிகள் மாறும், அவற்றை ஒதுக்கிவிட்டுப் பாருங்கள். டிக்ஷனரியின் வரிசையை நம்பி அச்சிட்டிருந்தால் அங்கேயும் வித்தியாசம் தெரியும். செருகிய வரிசை நிலைக்கும் என்பது 3.7 முதல்தான் மொழியின் உத்தரவாதம். வரிசைப்படுத்தி அச்சிடுங்கள்.

இன்னொரு டீபக்கரான எல்எல்டிபிக்கும் இதெல்லாம் பொருந்துமா?

பைத்தான் சம்பந்தப்பட்டது எல்லாம் பொருந்தும். அங்கேயும் பைத்தான் உள்ளேயே இணைந்திருக்கிறது. ஸ்கிரிப்ட் கமாண்டால் அதே சிஸ்.வெர்ஷன் சோதனையைச் செய்யலாம். மாட்யூல் பெயர்களும் கமாண்டைப் பதிவு செய்யும் முறையும் முற்றிலும் வேறு.

இவ்வளவு சிரமப்படுவதற்குப் பதில் வேறு வழி இல்லையா?

இருக்கிறது, பல நேரம் அதுவே நல்லது. கோர் டம்ப்தான் பிரச்சினை என்றால் அதையும், கிராஷ் ஆன நிரலையும், அது பயன்படுத்திய ஷேர்டு லைப்ரரிகளையும் உங்கள் புதிய மெஷினுக்குக் கொண்டுவந்துவிடுங்கள். செட் சிஸ்ரூட் கொடுத்து அந்த லைப்ரரிகள் இருக்கும் டைரக்டரியைக் காட்டினால், புதிய ஜிடிபியும் புதிய பைத்தானும் வைத்தே ஆராயலாம். லைப்ரரிகளைச் சரியாக அதே மெஷினில் இருந்து எடுக்க வேண்டும். பேர் ஒன்றுதானே என்று வேறு இடத்தில் இருந்து எடுத்தால் ஸ்டாக் ட்ரேஸ் குப்பையாக வரும்.

ஓடிக்கொண்டிருக்கும் பிராசஸை அங்கேயே பார்க்க வேண்டும் என்றால், பழைய மெஷினில் ஜிடிபிசர்வரை மட்டும் ஓட்டிவிட்டு புதிய மெஷினில் இருந்து இணையலாம். ஜிடிபிசர்வருக்குள் பைத்தான் கிடையாது, ஸ்கிரிப்ட் ஓடுவது உங்கள் பக்கத்தில்தான். இல்லை, அந்த மெஷினிலேயே புதிய ஜிடிபி வேண்டும் என்றால் வித்-பைத்தான் ஆப்ஷனில் உங்களுக்கு வேண்டிய பைத்தானைக் காட்டி நீங்களே பில்ட் செய்துகொள்ளலாம். ஜிடிபி 8.0 முதல் குறைந்தது சி++11 தெரிந்த கம்பைலர் தேவை, இன்னும் புதிய வெளியீடுகள் சி++17 கேட்கும் என்பதை மட்டும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்த மூன்றும் முடியாத இடங்கள் உண்டு: தரவை வெளியே எடுக்கக் கூடாது, நெட்வொர்க் திறக்கக் கூடாது, எதையும் நிறுவக் கூடாது என்று கட்டுப்பாடு உள்ள சர்வர்கள். அங்கேதான் 2.7-இலும் ஓடும் ஒற்றைக் கோப்பு ஸ்கிரிப்ட்டுக்கு வேலை.